மூன்று டப்பாவும் ஒரு பானெட் முகடும்

நம் ஊர் வாகனப் பெயிண்ட் பட்டறைக்காரர்கள் சேர்ந்து ஒரு மலர் போடுகிறார்களாம். கட்டுரை கேட்டு வந்த இரண்டு பேர் கையோடு கேள்வித்தாளும் கொண்டுவந்தார்கள். முதல் கேள்வி: மெஷின் பாலிஷ் போடப் புதிதாக வருபவருக்கு எந்த பாலிஷ், ஓரளவு பழகியவருக்கு எது, தேர்ந்தவருக்கு எது? இரண்டாவது கேள்வி, என் ஆரோக்கியத்தின் ரகசியம் என்ன என்பது. இரண்டாவதற்கு என்னிடம் பதில் இல்லை. முதலாவதற்கு உண்டு.

புதியவருக்கு இருப்பதிலேயே மென்மையானது. பழகியவருக்கு நடுத்தரம். தேர்ந்தவருக்கும் முதலில் மென்மையானதுதான். அது பலிக்காவிட்டால் நடுத்தரம். அதுவும் பலிக்காமல் வேறு வழியே இல்லையென்றால் முரடு.

இதோடு முடித்துக்கொள்ளலாம். ஆனால் படிப்பவர்கள் நம்பமாட்டார்கள். எனக்கும் இதைத் தெளிவான தமிழில்தான் சொன்னார்கள், நான் நம்பவில்லை. நம்புவதற்கு ஒரு கறுப்புக் காரைக் கெடுக்க வேண்டியிருந்தது.

நான் எஸ்.எஸ்.எல்.சி. தேறியவன். கணக்கிலும் விஞ்ஞானத்திலும் நல்ல மார்க். தாலுகா ஆபீசில் குமாஸ்தா ஆகவேண்டும் என்று வீட்டில் எதிர்பார்த்தார்கள். தாலுகா ஆபீஸ் அப்படி எதிர்பார்க்கவில்லை. ஐம்பதுகளின் கடைசியில் பழனி ரோட்டில் இருந்த ஒரு பாடி, பெயிண்ட் பட்டறையில் சேர்ந்தேன். வண்டி கழுவினேன், தண்ணீர்க் காகிதம் என்கிற ஈர உப்புத்தாள் தேய்த்தேன், பஞ்சை வைத்துக் கையால் பாலிஷ் போட்டேன். தோள்பட்டை வலித்தது. மூன்று வருஷத்தைப் பற்றி இதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை.

பட்டறையில் நான் ஒருவன்தான் ஆங்கில எழுத்துக் கூட்டி டப்பா மேல் இருப்பதைப் படிப்பேன். அதனால் எனக்கு 'வாத்தியார்' என்று பெயர். பெயர் வைத்தவன் சுருளி. தெற்கே ஆத்தூர்ப் பக்கத்துக்காரன், மூன்றாம் வகுப்பைப் பாதியில் விட்டவன், என்னைவிட நாலு வயது மூத்தவன். எல்லோரையும் அந்த ஊர் வழக்கப்படி "ஏலே" என்பான். என்னை மட்டும் "வாத்தியாரே" என்பான். அதில் மரியாதை எவ்வளவு என்று நான் கணக்குப் போட்டுப் பார்த்ததுண்டு. ஒன்றும் மிஞ்சாது.

ஃபோர்மேன் பேகம்பூர்க்காரர். பீர் முகமது என்று பெயர். நாங்கள் பாய் என்போம். ஒல்லி ஆள், சத்தமே போடமாட்டார். வேலை கெட்டுப்போனால் செத்த நேரம் பார்த்துவிட்டு, "அழகாக் கெடுத்துருக்கே" என்பார். அந்த 'அழகா'வைக் கேட்பதற்கு வசவு கேட்டுவிடலாம். காலையில் வேலை தொடங்குமுன் எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்துப் பரிசோதிப்பார். நகம் வெட்டியிருக்க வேண்டும். மோதிரம், கைக்கடிகாரம், பெல்ட் பக்கிள், சட்டைப் பையில் பேனா எதுவும் கூடாது. வண்டியின் மேல் சாய்ந்தால் கீறும் என்று காரணம். காரணம் நாங்களாக ஊகித்ததுதான். அவருக்கு எதற்கும் காரணம் சொல்கிற பழக்கமில்லை. அது அவருடைய குறை என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இருந்திருக்காது.

அறுபதுகளின் தொடக்கத்தில் முதலாளி மதராசிலிருந்து பாலிஷ் மெஷின் ஒன்று வாங்கி வந்தார். அரைக்குடம் தண்ணீரின் கனம். முன்பக்கம் சுழலும் தட்டு, அதன்மேல் ஆட்டுரோமக் குல்லா. கூட வந்த குல்லாக்கள் தேய்ந்த பிறகு, ரோமம் எடுக்காமல் பதப்படுத்திய தோலை, தோல் பதனிடும் ஷாப்பிலிருந்து வாங்கி, பாயே வெட்டித் தைத்துக் கொடுத்தார். தோல் ஷாப் இல்லாத ஊர்க்காரர்கள் அப்போது என்ன செய்தார்களோ தெரியாது.

மெஷினோடு மூன்று வகை பாலிஷ் வந்தது. பாய் அவற்றின் மூடிகளுக்குப் பெயிண்ட் அடித்தார். சிவப்பு மூடியில் இருந்தது முரடு. விரலிடுக்கில் தேய்த்தால் ரவை போல உறுத்தும். மஞ்சள், சலித்த கோதுமை மாவு போல. வெள்ளை, கடைந்த தயிர் போல. தேய்க்கிறோமா தடவுகிறோமா என்றே தெரியாது. மங்கிய பெயிண்டில் சிவப்பு ஒரே தடவையில் செய்வதை மஞ்சள் மூன்று தடவையில் செய்யும், வெள்ளை பத்துத் தடவையில் செய்யும், அல்லது செய்யாது.

பாய் போட்ட சட்டம் இது. மெஷின் பிடிக்க வருகிறவன் ஒரு வருஷம் வெள்ளை மட்டும். அப்புறம் மஞ்சள். சிவப்பைத் தொட ஒரு பரீட்சை உண்டு. ஒரு பழைய மட்கார்டுக்குச் சாம்பல் நிற அடிப்பூச்சு கொடுத்து, அதன்மேல் கறுப்பை ஒரே பூச்சு அடித்து வைத்திருப்பார். சிவப்புப் பசையை வைத்து அதை மெஷினில் பளபளப்பாக்க வேண்டும். எங்கேயும் சாம்பல் எட்டிப் பார்க்கக்கூடாது.

எனக்கு இது தலைகீழாகப் பட்டது. தெரியாதவனுக்குத்தானே வேலை சீக்கிரம் முடியும் சாமான் வேண்டும்? உட்கார்ந்து ஒரு அட்டவணை போட்டேன். பெயிண்ட் எந்த நிலையில் இருக்கிறது, எந்த டப்பா, எந்தக் குல்லா, எத்தனை நிமிஷம் என்று நாலு கட்டம். கோடு போட்டு அழகான கையெழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டினேன். பாய் எழுத்துக் கூட்டி முழுவதையும் படித்தார். கால் மணி நேரம் ஆனது.

"எல்லாம் இருக்கு. யாரு கைன்னு ஒரு கட்டம் இல்லையே" என்றார்.

கை எல்லாம் ஒன்றுதான் பாய், பசைதான் வேறு என்றேன். அவர் குல்லாவைத் தண்ணீரில் அலசப் போய்விட்டார். வெள்ளையும் மஞ்சளும் முடித்து மூன்றாம் வருஷம் நான் பரீட்சையில் தேறினேன். பள்ளிக்கூடத்துக்காரன் எந்தப் பரீட்சையிலும் தேறிவிடுவான். சுருளி தேறவில்லை, தேற முயலவுமில்லை. தானாகவே வெள்ளை டப்பாவோடு மூன்றாம் வருஷமும் இருந்தான்.

கறுப்புக் கார் வந்தது ஒரு புரட்டாசி மாசத்து வியாழக்கிழமை. கொண்டுவந்தவர் நெய்க்காரப்பட்டிக் கருப்புசாமி. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டிலிருந்து கேரளாவுக்குக் காய்கறி லாரி ஓட்டியவர். வேறொருவன் லாரியை ஓட்டியது போதும் என்று, தென்னந்தோப்பில் பாதியை விற்று இந்தப் பழைய காரை வாங்கியிருந்தார். தாண்டிக்குடி மலைப்பக்கம் ஒரு காப்பித் தோட்டம். அதற்கு வரும் விருந்தாளிகளைக் கொடைரோடு ஸ்டேஷனில் ஏற்றி மேலே கொண்டுபோய் விட ஒரு வாடகைக் கார் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். வருஷம் முழுக்க நிற்காத ஓட்டம். திங்கட்கிழமை வத்தலக்குண்டு ஆபீசில் மேனேஜர் வண்டியைப் பார்த்து முடிவு சொல்லுவார்.

"ஏனுங்க, ஓட்டமெல்லாம் நல்லாத்தானுங்க இருக்குது. மூஞ்சிதான் சுண்ணாம்பு பூசுனாப்பல இருக்குது. அந்த மேனேஜரு மூஞ்சியத்தான் பாப்பாருங்களாம்" என்றார்.

முதலாளி, "திங்கக்கிழமை கண்ணாடியா எடுத்துக்கலாம், போயிட்டு வாங்க" என்றார்.

"இது நடக்கலீன்னா மறுபடி லாரிக்கித்தானுங்க போகோணும். தோப்புலயும் பாதி போயிருச்சு." இதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். பஸ் ஏறி ஊருக்குப் போய்விட்டார்.

அவர் சொன்னது சரி. வருஷக்கணக்காக வெயிலில் நின்ற கறுப்பு. விரலால் தடவினால் விரல் கறுத்தது. பாய் கையை மூன்று தடவை கழுவிவிட்டு வண்டியைச் சுற்றி வந்தார். பானெட்டின் நடுவில் முன்பின்னாக ஓடும் முகட்டைப் பார்த்ததும் நின்றார். தட்டையான இடத்தில் பெயிண்ட் தங்கும். முகட்டிலும் ஓரத்திலும் வழிந்து மெலிந்துவிடும். மெஷினோ முகட்டில்தான் அதிகம் அழுத்தும். பாய் ஒட்டுகிற பருத்தி நாடாவைக் கொண்டுவரச் சொல்லி, முகட்டின் நீளத்துக்கும் ஒட்டினார்.

"தட்டையில மஞ்சள், மெஷின்ல. முகட்டுல மஞ்சள், கையால. இதுல சிவப்பு வேணாம்."

வெள்ளிக்கிழமை பகல் அவர் ஜும்மா தொழுகைக்குப் போனார். அதுவரை மஞ்சளில் ஒரு கதவும் ஒரு மட்கார்டும்தான் முடிந்திருந்தன. காரணம் மின்சாரம். அந்த வருஷங்களில் நம் பக்கத்துக் கிணற்றுக்கெல்லாம் மின்சார மோட்டார் வந்துகொண்டிருந்தது. பகலில் கிராமங்களில் தண்ணீர் இறைக்க, டவுனில் பல்பு சிவந்து எரியும். எங்கள் மெஷின் மாட்டு வண்டி வேகத்தில் சுற்றும். இந்த வேகத்தில் மஞ்சளை வைத்துத் திங்கட்கிழமைக்குள் முடியாது என்று கணக்குப் போட்டேன். கணக்கு சரிதான். வேகம் குறைந்தால் பசை முரடாக இருக்கலாம் என்றும் கணக்குப் போட்டேன். அதுவும் தப்பில்லை. சிவப்பு மூடியைத் திறந்தேன்.

பானெட்டில் நாலு இடத்தில் பொட்டு வைத்தேன், தண்ணீர் தெளித்தேன், மெஷினை வைத்தேன். பசை சொன்னபடி கேட்டது. சுண்ணாம்பு போய்க் கறுப்பு மேலே வந்தது. நாடா இடைஞ்சலாக இருந்தது. அதன் இரண்டு பக்கமும் மங்கலாக ஒரு கோடு நின்றது. நாடாவை உரித்தேன். வேகம் போதாததால் உடம்புக் கனத்தை மெஷின் மேல் போட்டு அழுத்தினேன்.

சுருளி வாசலில் நின்று தெற்கே பார்த்தான்.

"வாத்தியாரே, எங்க ஊர்ப் பக்கம் மழை இறங்குது. மெஷினைத் தூக்கு."

"மழை அங்கதானே பெய்யுது? இங்க கூரை இருக்கு."

"கூரையை யாரு கேட்டா? மழை பேஞ்சா அம்புட்டுப் பயலும் மோட்டாரை நிப்பாட்டிருவான். கரண்டு பூராவும் இங்கதான் வரும்."

"நீ வெள்ளையைத் தேய்ப்பா" என்றேன்.

ஓம் விதியை, அதாவது மின்சார அழுத்தக் கணக்கை, நான் பரீட்சையில் எழுதியவன். முழு மார்க் வாங்கியவன். சுருளி அந்தப் பெயரையே கேட்டதில்லை. அவனுக்கு அவன் சித்தப்பன் கிணற்று மோட்டார்தான் தெரியும். ஓம் விதி அந்த நிமிஷம் அவன் பக்கம் இருந்தது.

தலைக்கு மேல் பல்பு வெளுத்தது. மெஷின் முனகலை விட்டு ஊளைக்கு மாறியது. பசை பலமாக வேலை செய்கிறது என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது. சந்தோஷத்தில் இன்னும் ஒரு மூச்சு அழுத்திவிட்டேன். கருகிய வாடை வந்தது. மெஷினைத் தூக்கியபோது முகட்டில் உள்ளங்கை அகலத்துக்குச் சாம்பல் நிறம். அதன் நடுவே நாலணா அளவுக்குத் தகரம்.

பாய் தொழுகை முடிந்து வந்து பார்த்தார். நாடா கீழே கிடந்ததையும் பார்த்தார். 'அழகா' என்று சொல்லுவார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. சிவப்பு மூடியை எடுத்து டப்பாவில் பொருத்தி, கையால் தட்டி இறுக்கினார்.

"இன்னையிலேர்ந்து உனக்கு வெள்ளை. முதல்லேர்ந்து."

முதலாளி வந்தார். "எவன்டா செஞ்சது" என்றார். நான்தான் என்றேன். திங்கட்கிழமை வண்டி போகவில்லையென்றால் நீயும் இங்கே இருக்கமாட்டாய் என்றார். எனக்கு என் வேலை பெரிதாகப் படவில்லை. பட்டறை இன்னொன்று கிடைக்கும். தோப்பு இன்னொன்று அவருக்குக் கிடைக்காது. வண்டி திங்கட்கிழமை போயாக வேண்டும் என்று முடிவு செய்துகொண்டேன். அதற்காக இரண்டு நாள் எவர் என்ன சொன்னாலும் வாய் திறக்காமல் செய்வது என்றும் முடிவு செய்தேன். இரண்டாவதுதான் கஷ்டமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலமே தண்ணீர்க் காகிதத்தால் அந்த இடத்தின் விளிம்புகளைச் சரித்தேன். விரல் நகத்தை ஓட்டினால் எங்கும் தட்டக்கூடாது. சாம்பல் பூச்சு அடித்தோம். சனிக்கிழமை கறுப்பு அடிக்க வேண்டும். ஆனால் மழை எங்கள் கூரைக்கும் வந்துவிட்டது. ஈரக் காற்றில் சீக்கிரம் காயும் அந்தக் காலத்து லாக்கர் பெயிண்டை அடித்தால், காயும்போதே பால் தெளித்ததுபோல வெள்ளையாகப் பூத்துவிடும். கறுப்பில் பூத்தால் ஒளிக்க இடமில்லை.

பாய் செய்த முறையை எழுதிவைக்கிறேன். யாரும் அரைகுறையாகச் செய்யவேண்டாம். ஷெட்டைச் சாக்குப் படுதாவால் அடைத்தார். தீப்பற்றும் தின்னர், பெயிண்ட், பழந்துணி எல்லாவற்றையும் வெளியே எடுக்கச் சொன்னார். ஆறு சட்டியில் கரி மூட்டி உள்ளே வைத்து, பானெட் தகரம் கைக்கு இதமாகச் சுடும்வரை காத்திருந்தார். பிறகு ஆறு சட்டியையும் வெளியே கொண்டுபோய்த் தண்ணீர் ஊற்றி அணைத்தார். ஒரு கங்குகூட இல்லை என்று தரையில் குனிந்து பார்த்தார். அதற்குப் பிறகுதான் பெயிண்ட் உள்ளே வந்தது. மெல்லிய பூச்சாக நாலு தடவை, ஒவ்வொன்றும் முந்தினதைவிடக் கொஞ்சம் அகலமாக. பூக்கவில்லை.

அந்த நாலு பூச்சும் சேர்ந்து ஒரு காகிதக் கனம் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை அதைப் பழைய கறுப்போடு இசையப் பளபளப்பாக்க வேண்டும். கையாலும் ஆகாது, முழுதாகக் காயாத புதுப் பூச்சில் விரல் அழுத்தம் வெயிலில் வரி வரியாகத் தெரியும். பாய் மெஷினைச் சுருளியிடம் கொடுத்தார். வெள்ளை டப்பா.

அதுவரை நான் சுருளி வேலை செய்வதைப் பார்த்ததே இல்லை என்று சொல்லவேண்டும். பக்கத்தில் இருந்திருக்கிறேன், அவ்வளவுதான். மெஷினின் கனத்தை அவன் தன் தொடையில் தாங்கிக்கொண்டான். குல்லா பெயிண்டைத் தொடுமளவுக்கு மட்டும் இறக்கினான். ஒரு கண் எப்போதும் பல்பின் மேல் இருந்தது. பல்பு வெளுத்தால் கை தானாக மேலே வந்தது. மூன்று எண்ணுவதற்குள் இடம் மாறினான். நடுநடுவே புறங்கையை வைத்துச் சூடு பார்த்தான். மூன்று மணி நேரம் அந்த உள்ளங்கை அகலத்தில் நின்றான். பாக்கி வண்டியை மற்றவர்கள் மஞ்சளில் தேய்த்துக் கொடுக்க, நான் வெள்ளையைக் கையால் தேய்த்து முடித்தேன்.

"கை வீங்குதா வாத்தியாரே?"

"வீங்குது."

"எனக்கு மூணு வருசமா வீங்குது" என்றான்.

முகடு எங்கே கெட்டது என்று தெரிந்த நாங்கள் மூன்று பேரும் தேடினாலும் கிடைக்காதபடி வண்டி நின்றது. முதலாளி பார்த்துவிட்டு, "அவருகிட்ட யாரும் மூச்சு விடாதீங்க. கண்ணுக்குத் தெரியாததைச் சொல்லி என்ன ஆகப்போகுது" என்றார். என்னைப் பார்த்து, "நீ சொன்னேன்னா நாளைக்கே உன் கணக்கை முடிச்சு அனுப்பிருவேன்" என்றார்.

சொல்லலாமா என்று பாயிடம் கேட்டேன். "கெடுத்தது நீ. எங்கிட்ட என்ன கேக்குறே" என்றார்.

நான் யோசித்தது நல்லவனாக இருப்பதைப் பற்றி அல்ல. புதுப் பூச்சு காகிதக் கனம். டாக்சிக்காரர் தினமும் காலையில் துணியைப் போட்டுத் தேய்ப்பார். மலைத் தூசியோடு தேய்ப்பார். ஒரு மழைக்காலம் தாங்கலாம். அப்புறம் மேனேஜர் கண்முன்னால் சாம்பல் எட்டிப் பார்க்கும். சொல்லாமல் விட்டால் வேலை முடியவில்லை என்று அர்த்தம்.

திங்கட்கிழமை விடிந்ததும் கருப்புசாமி வெள்ளை வேட்டி சட்டையில் வந்தார். வண்டியைப் பார்த்து நின்றவரிடம், அவர் சாவியை வாங்கும்முன் சொன்னேன். இந்த இடம், இவ்வளவு அகலம், நான் கெடுத்தேன், இப்படிச் சரிசெய்தோம், இதைத் துணியால் தேய்க்கக்கூடாது, தண்ணீர் ஊற்றி ஒற்றி எடுக்கவேண்டும்.

அவர் குனிந்து நெடுநேரம் பார்த்தார்.

"எங்கீங்க? ஒண்ணும் தெரியலீங்களே."

விரலால் காட்டினேன்.

"வேற எங்கியாச்சும்?"

"இல்லை."

"சத்தியமா இல்லீங்களா?"

"இல்லை."

கதவைத் திறந்தார். "அப்ப நீங்களும் ஏறுங்க. மேனேஜரு கண்டுபிடிச்சாருன்னா எனக்குச் சொல்லத் தெரியாதுங்க. நீங்கதான் இத்தனையும் சொல்லோணும்."

ஏறினேன். வத்தலக்குண்டு வரை ரோடெல்லாம் மழை ஈரம். எதிரே வந்த வண்டிகள் தெறிக்கவிட்ட சேறு பானெட்டில் விழும்போதெல்லாம் இரண்டு பேரும் ஒன்றாகப் பல்லைக் கடித்தோம். ஊர் எல்லையில் நிறுத்தி, வாய்க்கால் தண்ணீர் மொண்டு ஊற்றினேன். துணியை அவர் நீட்டினார். வாங்கி ஒற்றினேன்.

மேனேஜர் வெளியே வந்தார். தலையில் தொப்பி, நரைத்த மீசை. என்னைப் பார்த்து யார் என்றார். பாலிஷ்காரருங்க என்றார் கருப்புசாமி. பாலிஷ்காரனைக் கூட்டிக்கொண்டு வரும் டிரைவரை அவர் பார்த்ததில்லை போலும், புருவத்தைத் தூக்கினார். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். பானெட் முன்னால் வந்து நின்றார். குனிந்தார். அதே இடம். கருப்புசாமி என் முழங்கையைப் பிடித்தார். மேனேஜர் தொப்பியைக் கழற்றினார், முகட்டில் தெரிந்த தன் முகத்தைப் பார்த்துத் தலையைப் படிய வாரினார், மீசையின் ஒரு பக்கத்தை நீவினார், தொப்பியை மாட்டிக்கொண்டார். பின்சீட்டில் உட்கார்ந்து இரண்டு தடவை குதித்துப் பார்த்தார்.

"ஹாரன் சத்தம் போதாது. மாத்திட்டுப் புதன்கிழமையிலிருந்து வா" என்றார்.

திரும்பி வரும் வழியில் கருப்புசாமி ஹாரனை அடித்து அடித்துப் பார்த்துக்கொண்டு வந்தார். பட்டறை வாசலில் முதலாளி இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டிருந்தார். நான் எங்கே போனேன், ஏன் போனேன் என்று சுருளியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டிருப்பார். கருப்புசாமி இறங்காமலே அவரைக் கூப்பிட்டார்.

"ஏனுங்க மொதலாளி, வேலை கெடச்சிருச்சுங்க. மாசா மாசம் வண்டிய உங்ககிட்டத்தானுங்க விடுவேன். இவருதானுங்க பாலிஷ் போடோணும்."

"கெடுத்தவனேவா?"

"எந்த எடம்னு இவருக்குத்தானுங்களே தெரியும்" என்றார்.

முதலாளிக்கு மாசா மாசம் வரும் வண்டியை விட மனமில்லை. என் கணக்கு முடிக்கப்படவில்லை. ஆறுமாசம் என்னோடு நேராகப் பேசவில்லை. அது எனக்கு ஓய்வாக இருந்தது.

மாசம் ஒரு தடவை அந்தக் கார் மலைத் தூசியோடு வரும். பல்பைப் பார்த்துக்கொண்டு, கனத்தைத் தொடையில் தாங்கி, வெள்ளையை வைத்து, முகட்டின் மேல் ரோமம் மட்டும் படும்படி ஓட்டுவேன். முதல் மூன்று மாசம் சுருளி பின்னால் நின்று, "தூக்கு, தூக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தான். நாலாவது மாசம் சொல்லவில்லை. ஒரு வருஷம் முடிந்த அன்று பாய் மஞ்சள் டப்பாவை என் பக்கம் தள்ளினார். அன்றைக்கு வந்திருந்தது கறுப்புக் கார்தான். வெயிலில் மறுபடி மங்கத் தொடங்கியிருந்தது, மஞ்சள் கேட்கும் மங்கல். டப்பாவை வாங்கி அலமாரியில் வைத்தேன். முகட்டின் காகிதக் கனத்தை நினைத்து, அந்த வண்டிக்கு வெள்ளையைத் திறந்தேன். கருப்புசாமி அதை விற்கும்வரை, ஏழு வருஷம், வேறு டப்பாவைத் திறக்கவில்லை.